மழித்த காட்டுக்குக் கிடைத்த கைதட்டல்

வாசகரே, இந்த வாரம் நீங்கள் எனக்குச் சாட்சியாக வர வேண்டும். வாக்குமூலம் எதுவும் தர வேண்டியதில்லை. என்னோடு நடந்து வந்து, நான் பார்த்ததைப் பார்த்தால் போதும். மேடையில் எத்தனையோ பேரைச் சாட்சிக்கு அழைத்தவன் நான். அவர்களில் ஒருவர்கூட உண்மையில் அங்கே வந்து நின்றதில்லை. நீங்களாவது வந்து நில்லுங்கள்.

ஐப்பசி மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் இன்னும் சுடத் தொடங்காத காலை. திருப்பூரை அடுத்த முதலிபாளையத்துக்குக் கிழக்கே, ஓடைக்கரையில் இருக்கும் நாட்டுச் செடிகள் பூங்காவின் வாசலில் வந்து இறங்குகிறேன். கஞ்சி மொடமொடக்கும் வேட்டி, வெள்ளைச் சட்டை. நெஞ்சுக்குள் வரிக்கு வரி கட்டி முடித்த ஒரு பேச்சு. வாசலில் வாழைமரம் கட்டியிருக்கிறார்கள். ஒலிபெருக்கிக்காரர் ஊதிப் பார்க்கிறார்.

உள்ளே நடக்கிறேன். இருபுறமும் நொச்சி, ஆடாதொடை, அவற்றின் அடியில் பெயர்ப் பலகைகள். எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. பாதை வலப்பக்கம் திரும்புகிறது. திரும்பிய இடத்தில் என் கால்கள் நின்றுவிட்டன.

அங்கே புல் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை என் இடுப்புயரம் நின்ற புல். அதற்கிடையே மஞ்சளாய்ப் பூத்திருந்த ஆவாரை, ஓரத்து எருக்கு, தரையோடு படர்ந்த நெருஞ்சி. ஓர் ஏக்கர் பரப்பில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. வெள்வேல மரங்கள் மட்டும் ஆடை உரியப்பட்டவர்களைப் போல அங்கங்கே நின்றன. தரை செம்மண். அந்தச் செம்மண்ணில் விளக்குமாறு இழுத்த கோடுகள், ஒன்றுக்கொன்று இணையாக, அத்தனை ஒழுங்காக ஓடின.

காற்றில் அறுபட்ட பச்சை வாடை. விருந்தினருக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளின் மேலெல்லாம் வெட்டுக்கிளிகள் உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கு இறங்குவதற்கு வேறு இடம் இல்லை.

நான் சொல்வதில் மிகையில்லை என்பதற்கு நீங்கள்தான் சாட்சி.

அந்த ஓர் ஏக்கர்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் பேச்சுப் போட்டிச் சுழற்கோப்பைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "பேச்சைத் தவிர வேறெதுவும் தெரியாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அந்த ஓர் ஏக்கரை எனக்குத் தெரியும். ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

மூலனூர்ப் பக்கம் பேருந்தில் போனவர்கள் கொறங்காட்டைப் பார்த்திருப்பீர்கள். உழாத மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே தள்ளித் தள்ளி வெள்வேல மரம், தரை முழுக்க, நடப்பவர் துணியில் விதை ஒட்டிக்கொள்ளும் கொழுக்கட்டைப் புல். மழை பொய்த்தாலும் மாடு பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக விட்டுவைத்த நிலம் அது. பார்ப்பவர் கண்ணுக்குக் காய்ந்த புதர்போலத் தெரியும். இறங்கி நடந்தால்தான் அதற்குள் எத்தனை உயிர் ஓடுகிறது என்பது புலப்படும்.

அந்தக் கொறங்காட்டைத் திருப்பூர்க்காரர் நடந்து பார்க்கும்படி பூங்காவின் நடுவில் வளர்த்து எடுத்தவர் கோகிலா அக்கா. தாவரவியல் படித்தவர். கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்த வேலையை விட்டுவிட்டு, சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த இந்த ஓடைக்கரைக்கு வந்தார். முதல் வருடம் முள் வெட்டினார். மறுவருடம் விதைத்தார். எங்களைப் போன்ற தன்னார்வலர்கள் வாரக் கடைசியில் வந்து கூடமாட நின்றோம், உழைப்பு அவருடையது.

பூங்கா எல்லோருக்கும் திறந்திருந்தது. காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் வருவார்கள். ஞாயிறு மதியம் கம்பெனி விடுதிப் பெண்கள் டிபன் பாக்ஸோடு வந்து புங்க மரத்தடியில் உட்காருவார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் போகும்போது ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "பூவெல்லாம் எப்பங்க வெப்பீங்க?" அக்கா ஆவாரையைக் காட்டுவார். அவர்கள் மரியாதைக்குத் தலையசைத்துவிட்டுப் போவார்கள்.

நிலம் சிவகாமியம்மாளுடையது. ஒரு காலத்தில் பருத்தி விளைந்த தோட்டம். இப்போது அந்தக் குடும்பம் நகரத்தில் நிட்டிங் கம்பெனி நடத்துகிறது. நிலத்தை அவர் எழுதிக்கொடுக்கவில்லை, நடவு செய்ய விட்டிருந்தார். மூன்று மழை பார்ப்பேன், அதன்பின் பூங்காவுக்கா குடோனுக்கா என்று சொல்வேன் என்று கோகிலா அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குடோன் கட்டக் கேட்டவர் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது மழை பெய்து முடிந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மையார் நேரில் வந்து பார்த்து, மேடையிலேயே முடிவைச் சொல்வதாக ஏற்பாடு. அவர் மனத்தைக் கரைக்க வேண்டிய பேச்சு என்னுடையது. கொங்கு மண்டலக் கல்லூரி மேடைகளில் என்னை வென்று போனவர்கள் மிகச் சிலரே என்பதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்ததில் எனக்கு வியப்பு ஏதுமில்லை.

பிசிறு

புல் எங்கே போயிற்று என்று கேட்க வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து என் தோளில் ஒரு கை விழுந்தது. சண்முகம் மாமா.

என் அம்மாவின் தம்பி. பனியன் கம்பெனி ஒன்றில் புரொடக்‌ஷன் மேனேஜர். நான் ஆறாம் வகுப்பில் முதன்முதலாக மேடையேறிய நாளிலிருந்து, என் பேச்சு எங்கே நடந்தாலும் முதல் வரிசையில் இருப்பவர். கைதட்டலைத் தொடங்கி வைப்பவை அவருடைய கைகள்தான். நடுவர்கள் சில சமயம் திரும்பிப் பார்த்து முறைத்திருக்கிறார்கள். அவர் பொருட்படுத்தியதே இல்லை.

மாமாவைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அவர் கம்பெனிக்கு வெளிநாட்டுக்காரர் ஆடிட் வரும் நாளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதல் நாளே தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிக்கப்படும். தீயணைப்பு வாளிகளில் மணல் சலித்து நிரப்பப்படும். கேண்டீன் பூனையை ஒருவர் தூக்கிக்கொண்டு போய்விடுவார். டெய்லர் முதல் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடிப் பெண்வரை எல்லோரும் தலையில் குல்லாயோடு இருப்பார்கள். மாமா வரிசை வரிசையாக நடந்து, தைத்த பனியன்களில் தொங்கும் நூல் நுனிகளைச் சட்டைப் பையில் எப்போதும் எட்டிப்பார்க்கும் சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டே போவார். அந்த நூல் நுனிக்குத்தான் எங்கள் ஊரில் பிசிறு என்று பெயர்.

முன்பொருமுறை வந்தவர் ஒருவர் ஒரு கழுத்துப் பட்டியில் தொங்கிய பிசிறைப் பிடித்து விளையாட்டாக இழுத்தாராம். தையல் தோள்வரை பிரிந்துகொண்டே போயிற்றாம். அந்த ஆர்டர் முழுவதையும் பெட்டி பிரித்து மறுபடி செக்கிங் செய்யச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கதையை மாமா சொல்லும்போதெல்லாம் அவர் விரல்கள் தம்மையறியாமல் எதையோ கிள்ளும். பார்க்க வருகிறவர் கண்ணில் ஒரு பிசிறும் படக் கூடாது. அவர் வாழ்க்கையில் உறுதியாகக் கற்றது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது விழாவைப் பற்றி வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன். பெரியவங்க வந்து பார்ப்பாங்களா என்று மாமா கேட்டார். பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்கள் என்றேன். அவர் தோசையைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை கோகிலா அக்கா ஊரில் இல்லை. விழாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக மடத்துக்குளத்துக்கு நாற்று எடுக்கப் போனவர், அங்கே தங்கை வீட்டில் இரவு தங்கிவிட்டார். தம்பி பேசுகிற விழா, சுத்தம் பண்ண வந்திருக்கிறோம் என்று மாமா சொன்னதும் காவலாளி வாசலைத் திறந்துவிட்டார். அவரை எப்படிக் குறை சொல்வது?

"எப்படி இருக்குது மாப்ள?" என்று மாமா கேட்டார். அவர் முகம் மலர்ந்திருந்தது. "நேத்து மத்தியானம் வந்து பாத்தேன். பூராப் பிசிறு. ஒரு லைன் ஆள இறக்கி, பொழுது விழுகறதுக்குள்ள முடிச்சாச்சு."

புல் எங்கே என்று கேட்டேன்.

"வேஸ்ட் வண்டியில ஏத்தி உட்டாச்சு. இந்நேரம் பாறக்குழியில கொட்டி எரிச்சிருப்பாங்க."

கம்பெனியில் ஒரே தையல் வரிசையில் வேலை செய்யும் அந்த லைனே அவருக்குப் பின்னால் நின்றிருந்தது. என் பேச்சைக் கேட்கக் கம்பெனி வேனில் அழைத்து வந்திருந்தார். ஒரே நிற டீ ஷர்ட், சிரித்த முகங்கள், கைகளெல்லாம் முள் கீறல். தேனிப் பக்கத்துப் பெண் ஒருத்தி உள்ளங்கையை விரித்துக் காட்டி, எருக்கம்பால் இன்னும் பிசுபிசுக்கிறது என்றாள். ஒடிசாவிலிருந்து வந்த இளைஞன் தரையைச் சுட்டி, "நல்லா கிளீன், அண்ணா?" என்று கேட்டான். விடுமுறைக்கு முந்தைய மதியத்தை எனக்காக வெயிலில் குனிந்து கழித்தவர்கள் அவர்கள்.

மூன்று நிமிட அவகாசத்தில் எந்தத் தலைப்புக்கும் இரு பக்கமும் பேசக்கூடியவன் நான். அந்த இளைஞனிடம் தலையை மட்டும் ஆட்டினேன்.

வேர்

கோகிலா அக்கா மினி டெம்போவில் நாற்றுகளோடு வந்து இறங்கினார். ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு பாதை திரும்பினார். நான் எதிரே ஓடினேன். என்ன சொல்லித் தடுப்பது என்று தெரியாமல் அவர் வழியில் நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் பார்த்துவிட்டார்.

அழுவார் என்று எதிர்பார்த்தேன். கத்துவார் என்றும் அஞ்சினேன். அவர் நாற்றுத் தட்டைப் பதனமாகக் கீழே வைத்தார். செம்மண்ணுக்குள் நடந்தார். நடுவில் ஓர் இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலை மண்ணுக்குள் விட்டுக் கிளறினார். இன்னோர் இடத்துக்குப் போய் அங்கேயும் கிளறினார்.

"அறுத்திருந்தாக்கூடத் துளுக்குமுங்க தம்பி," என்றார், என்னை நிமிர்ந்து பார்க்காமல். "மம்முட்டி போட்டுச் செதுக்கீட்டாங்க. வேரே இல்ல."

மாமாவின் ஆட்கள் வேலையில் குறை வைப்பவர்கள் அல்லர். நுனியை மட்டும் வெட்டினால் பிசிறு மறுபடி நீளும் என்று பழக்கப்பட்ட கைகள் அவை.

நடந்தது இன்னதென்று சொன்னேன். மாமாவின் பெயரைச் சொல்லும்போது என் குரல் தாழ்ந்தது. அக்கா கேட்டுக்கொண்டார்.  விழாவைத் தள்ளி வைக்கலாமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் சிவகாமியம்மாளின் கார் வந்து நின்றது.

அதோ பாருங்கள்

இங்கே கொஞ்சம் விலகிப் போக வேண்டியிருக்கிறது.

எனக்குப் பேச்சு பயிற்றுவித்த ஆசான் சொல்லுக்குக் கொடுத்த அதே பயிற்சியைக் கைக்கும் கொடுத்தார். எந்தச் சொல்லில் கை எழ வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்பதெல்லாம் ஒத்திகையிலேயே உடம்பில் ஏறிவிட வேண்டும் என்பார். மேடையில் மனம் கலங்கினாலும் உடம்பு பேச்சைக் கொண்டுபோய்க் கரை சேர்த்துவிடும் என்பது அவர் கணக்கு. அது எனக்குப் பல கோப்பைகளை ஈட்டித் தந்தது.

பூங்காவுக்கான பேச்சை நான் புல்லுக்குள் நின்றே ஒத்திகை பார்த்திருந்தேன். மேடை எங்கே போட வேண்டும் என்று சொன்னதும் நான்தான். மேடைக்கு வலப்புறம் முழுக்கக் கொறங்காடு. பேச்சின் நடுவில், "அதோ பாருங்கள்" என்ற இடத்தில் என் வலக்கை உயரும். கூட்டம் திரும்பும். காற்றடித்தால் புல் சாயும். அந்தச் சாய்வுக்காக நான் ஒரு மூச்சு இடைவெளி விட்டிருந்தேன்.

சிவகாமியம்மாள் மேடையேறி உட்கார்ந்தார். ஐம்பதைக் கடந்தவர். கனத்த பட்டுச் சேலை, கையில் கார் சாவி. கூட்டத்தில் நடைப்பயிற்சிக்காரர்கள், விடுதிப் பெண்கள், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். முதல் வரிசையில் மாமா, அவரைச் சுற்றி அவருடைய லைன். என்னை அழைத்தார்கள்.

ஒலிவாங்கிக்கு முன் நின்றபோது எனக்குள் அந்த ஒரு பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. தொடங்கினேன். குரல் கணீரென்று வந்தது. நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், யாரோ பேசுவதைப் போல. சாயத் தொழிலும் தறியும் வருமுன் இந்த மண் எப்படி இருந்தது என்று சொன்னேன். பஞ்ச காலத்தில் மாட்டைக் காத்த நிலம் கொறங்காடு என்று சொன்னேன். அடுத்த வாக்கியம் எதுவென்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

"அதோ பாருங்கள்," என்றேன். "நம் மண்ணின் உண்மை முகம்."

என் வலக்கை உயர்ந்தது. நான் உயர்த்தவில்லை, அது உயர்ந்தது.

கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அத்தனை தலைகளும் அந்தச் செம்மண்ணை, விளக்குமாற்றுக் கோடுகளை, ஆதரவற்று நின்ற மரங்களைப் பார்த்தன. பயின்றபடியே நான் ஒரு மூச்சு இடைவெளி விட்டேன்.

முதலில் மாமா தட்டினார். பிறகு அவருடைய லைன் தட்டியது. பிறகு கூட்டமே தட்டியது. என் வாழ்நாளில் அதற்கு முன் அவ்வளவு நீண்ட கைதட்டல் எனக்குக் கிடைத்ததில்லை. மேடையில் சிவகாமியம்மாளும் சாவியை மடியில் வைத்துவிட்டுத் தட்டினார். வெட்டவெளிக்கு, வாசகரே. ஒன்றுமில்லாமல் ஆக்கப்பட்ட ஓர் ஏக்கருக்கு.

எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. நன்றி சொல்லி இறங்கி, பக்கவாட்டில் நின்ற கோகிலா அக்காவுக்கு அருகில் போய் நின்றேன். காது அடைத்திருந்தது.

கொடை

சிவகாமியம்மாளுக்கு மேடைப் பேச்சு வராது. வராததை மறைக்கும் வழக்கமும் அவரிடம் இல்லை.

"நான் சுத்தி வளைக்காமச் சொல்லீர்றனுங்க," என்று தொடங்கினார். "இந்தப் பக்கம் வர்றப்பெல்லாம் ஒரே பொதராக் கெடக்கும். பாம்பு இருக்குமோன்னு வண்டிய நிறுத்தாமப் போயிருவேன். இன்னிக்குத்தான் எடம் எடமாட்டம் இருக்குது. குடோன்காரருக்கு இல்லைன்னு சொல்லீர்றேன். பூங்காவுக்கே எழுதிக் குடுத்தர்றேன். ஆனா எப்பவும் இப்படியே இருக்கோணும். நாலு சிமெண்ட் பெஞ்சு போடுங்க. ஓரத்துல கலர் கலராப் பூச்செடி வெய்யுங்க. செலவு என்னோடது."

கூட்டம் ஆர்ப்பரித்தது. காலையில் பார்த்த வெற்றுத் தரைக்கு அதிர்ந்ததைவிட இதற்கு நான் அதிகம் அதிர்ந்தேன். நாங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. எதற்காகக் கேட்டோமோ அதை இனி வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கிடைத்தது.

கோகிலா அக்கா என் பக்கம் திரும்பாமலே மெல்லச் சொன்னார்: "ஒண்ணும் பேசாதீங்க தம்பி. எடம் மொதல்ல கைக்கு வரட்டும்."

அவர் சொன்னதில் அர்த்தம் இருந்தது. நானும் பேசாமல் நின்றேன். நான்கைந்து மூச்சு நின்றிருப்பேன். ஆனால் என் வலக்கை சுட்டிய இடத்தைத்தான் அம்மையார் பார்த்தார். அதுதான் கொறங்காடு என்று என் வாய் சொன்னதைத்தான் கூட்டம் நம்பிற்று. இல்லாத ஆதாரத்தைக் காட்டி ஒரு வழக்கில் வென்றிருந்தேன். அந்த வெற்றியை வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

பேசி இறங்கியவன் மறுபடி ஒலிவாங்கியிடம் போகக் கூடாது என்பது மேடை மரபு. போனேன். முதல் வரிசையில் மாமா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்காமலிருக்க முயன்றேன்.

"அம்மா, ஒரு நிமிசமுங்க," என்றேன். "நீங்க பாத்தது இந்தப் பூங்கா இல்லீங்க. மூணு மழையில வளந்த கொறங்காடு இங்க நின்னுது. நீங்க பொதருன்னு சொன்னதுதானுங்க அது. விழாவுக்கு வேண்டி நேத்துச் சாயங்காலம் செதுக்கி எடுத்துட்டாங்க. இப்படியே வெச்சிருக்கறோம்னு சொல்லி எடத்த வாங்கிக்க முடியாதுங்க."

அம்மையார் தரையை இன்னொரு முறை பார்த்தார். "அப்ப மொட்டை போட்டிருக்குதுங்கற," என்றார். "பழனியாண்டவருக்கா? யாரு வேண்டுதலு?"

கூட்டம் சிரித்தது. மாமாவின் லைனும் சேர்ந்து சிரித்தது, புரியாமல். சிரிப்பு அடங்கும்போது முதல் வரிசையில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. மாமா எழுந்து நின்றிருந்தார்.

"என்ற வேண்டுதலுங்க," என்றார். "நாந்தான் ஆளுகள உட்டு எடுக்கச் சொன்னேன். இவங்க மேலயும் தப்பில்ல, தம்பிக்கும் ஒண்ணும் தெரியாதுங்க."

தேனிப் பெண் விரித்திருந்த உள்ளங்கைகளை மடியில் மூடிக்கொண்டாள். ஒடிசா இளைஞன் பக்கத்தில் இருந்தவனிடம் என்ன என்று கேட்டான். அவன் காதோடு எதையோ சொன்னான். அந்த வரிசையின் முகங்கள் ஒவ்வொன்றாக மாறுவதை மேடையிலிருந்து பார்த்தேன். என் மாமா தன் ஆட்களுக்கு முன்னால் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

சிவகாமியம்மாள் கார் சாவியை எடுத்துக்கொண்டார்.

"பொதரு வேணுமின்னு எடம் கேக்கறவன இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றார். "சரி. எனக்கு என்ன தெரியும்? பாக்காததுக்கு நான் எடத்தக் குடுக்க முடியாது. இன்னொரு மழை பாக்கறேன். பாக்கறாப்பல இருந்தாக் குடுக்கறேன். இல்லீன்னா குடோன்தான்."

இலவச நாற்றுகூட வாங்காமல் கூட்டம் கலைந்தது.

வெறுந்தரையில்

கோகிலா அக்கா என்னைப் பாராட்டுவார் என்று உள்ளுக்குள் எங்கோ எதிர்பார்த்திருக்கிறேன். ஒலிபெருக்கிக்காரர் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் வந்தார்.

"வந்த எடம் போயிருச்சுங்க தம்பி," என்றார். "ஒங்களுக்குப் பேசோணும், பேசீட்டீங்க. அந்தம்மாகிட்ட நான் மெதுவாச் சொல்லிப் புரிய வெச்சிருப்பேன். ஒரு வருசமோ ரெண்டு வருசமோ ஆயிருக்கும். எடம் நம்ம கையில இருந்திருக்கும்."

எனக்குப் பதில் இருந்தது. எப்போதும் இருக்கும். வாக்குக் கொடுத்துவிட்டு மீறுவதா என்று கேட்டிருக்கலாம். அவர் கண்களைப் பார்த்ததும் அதைச் சொல்லும் துணிவு வரவில்லை. அவர் சொன்னதுதான் சரியோ என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. அதையும் நீங்கள் சாட்சியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாமா வேனில் ஏறாமல் நின்றார். ஆட்களை மட்டும் அனுப்பிவிட்டு எங்களிடம் வந்தார். வழக்கமாக நெஞ்சை நிமிர்த்தி நடப்பவர், நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து வந்தார்.

"அந்த வெதை எங்க கெடைக்கும் கண்ணு?" என்று அக்காவிடம் கேட்டார்.

 எதிரே இருப்பவர் யார் என்பதை மறந்து, கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ள அக்காவுக்குச் சிறிது நேரம் தேவைப்பட்டது. மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடுகளில் இப்போது முற்றி நிற்கும் என்றார். காட்டுக்காரரைக் கேட்டு, கதிரைக் கையால் உருவி எடுக்க வேண்டும். நிழலில் காயவைத்து, அடுத்த மழைக்கு முன்னால் தூவ வேண்டும். ஆவாரையையும் எருக்கையும் பிறகு யோசிக்கலாம்.

"லைனோட வந்தர்றேன்," என்றார் மாமா. "ஒரே நாள்ல உருவிக் குடுத்தர்றோம்."

"லைனெல்லாம் வேண்டாமுங்க அண்ணா," என்றார் கோகிலா அக்கா. "நீங்க மட்டும் வாங்க. அந்தக் கத்தரியக் கம்பெனியிலயே வெச்சுட்டு வாங்க."

மாமாவின் கை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது. சிரிக்கலாமா என்று தெரியாமல் அவர் என் முகத்தைப் பார்த்தார். அக்காவின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. அவ்வளவுதான். மன்னிப்பு என்று அதற்குப் பெயர் வைக்க மாட்டேன்.

வெயில் ஏறிவிட்டது. மூவரும் அந்தச் செம்மண்ணின் நடுவில் நின்றோம். ஒலிவாங்கி இல்லை. கூட்டம் இல்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று முதன்முறையாகத் தடுமாறி, வேட்டி மடிப்பைப் பற்றிக்கொண்டு, அக்காவைப் பார்த்து உரக்கச் சொன்னேன்:

"அடுத்த மழைக்கு முன்னால இந்த மண்ணுல வெதை விழுகுமுங்க அக்கா. நானும் மாமாவும் காடு காடாப் போயி உருவீட்டு வர்றோம். மொளைக்கறதுல ஒண்ணு குறைஞ்சாலும் மறுபடி போறோம். அந்தம்மா திரும்ப வர்ற அன்னிக்கு மேடை போட மாட்டேன், ஒரு வார்த்தை பேசவும் மாட்டேன். நீங்க முன்னால நடங்க. அவங்க பின்னால வரட்டும். ஊடு போய்ச் சேந்ததுக்கு அப்பறம், பட்டுச் சேலையில ஒட்டுன புல்லு வெதைய உக்காந்து ஒண்ணொண்ணாப் பிடுங்கட்டும்."